பழைய சில்வருக்குப் புதிய சில்வர்

காருக்கு அடிக்கும் சில்வர் சாயத்தை டின்னில் வாங்கிவிட முடியாது. டின்னில் வருவது பாதிதான். மீதி, ஸ்பிரே அடிப்பவரின் கையிலும் அன்றைய காற்றிலும் தின்னர் காயும் வேகத்திலும் இருக்கிறது. பழைய காரைச் சீர்செய்யத் தொடங்கும் நண்பர்கள் "கோட் நம்பர் இருக்கு, கடையில கலக்கிக் கொடுத்துருவாங்க" என்று சொல்லும்போதெல்லாம் நான் சொல்வது இதுதான். சிவப்பு, வெள்ளை, கறுப்பு என்றால் சரி, எண்ணைக் கொடுத்தால் ஏறக்குறைய வந்துவிடும். சில்வருக்கு அந்த எண் தொடக்கம் மட்டும்தான்.

என்னிடம் இருப்பது பெரியப்பாவின் 1982ஆம் வருடத்து மெர்சிடிஸ் டபிள்யூ123. மலேசியாவில் சுங்கைப் பட்டாணியில் கிளினிக் வைத்திருந்தபோது அவர் வாங்கியது. வயதாகி ஓட்ட முடியாமல் போனதும் பாலத்தைத் தாண்டி பினாங்குக்கு வந்து, இப்போது ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டில் நிற்கிறது. நிறம் ஆஸ்ட்ரல் சில்வர், எண் 735. இந்த மாடலில் முன் சக்கரங்களை மூடி நிற்கும் ஃபெண்டர்கள்தான் முதலில் கெடும். ஹெட்லைட்டைச் சுற்றியும், கதவை ஒட்டிய கீழ் முனையிலும் சேறு தங்கி, உள்ளேயிருந்து துருவேறும். வெளியே குமிழி தெரியும்போது உள்ளே தகடு போயிருக்கும். இடது ஃபெண்டரைக் கழற்றிவிட்டு வேறு போட வேண்டியதாயிற்று. ஆக, கதவுப் பக்கம் நாற்பது வருட வெயிலைப் பார்த்த சில்வர், ஃபெண்டர் பக்கம் வெறும் தகடு. இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் நுழையாத இடுக்கு. கண் போய் நிற்பது அந்த இடுக்கில்தான்.

சில்வர் ஏன் இப்படிப் படுத்துகிறது என்று புரிந்துகொள்ள, சாயத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மற்ற சாயங்களில் நிறம் தருவது நுண்ணிய பொடி. சில்வரில் அலுமினியச் சிறு தகடுகள். அலுமினியப் பொடியை மினரல் ஸ்பிரிட்டும் ஸ்டியரிக் அமிலமும் சேர்த்து, இரும்புக் குண்டுகள் உருளும் ஆலையில் போட்டு மணிக்கணக்கில் தட்டித் தட்டையாக்குகிறார்கள். ஒரு தகட்டின் குறுக்களவு சுமார் 10 முதல் 50 மைக்ரான் வரை இருக்கும், கனமோ பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் கீழே. மனிதத் தலைமுடி சுமார் 70 மைக்ரான் கனம் என்றால், இவை எவ்வளவு மெல்லியவை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தகடுகள் மீன் செதில் போல ஒன்றையொன்று தழுவித் தட்டையாகப் படுத்துவிட்டால், நேரே பார்ப்பவருக்கு ஒளி அப்படியே திரும்பி வரும், சாய்ந்து பார்ப்பவருக்கு இருண்டு போகும். தாறுமாறாகக் கிடந்தால் நேர்ப் பார்வை மங்கி, பக்கப் பார்வை வெளுக்கும். டின் ஒன்று, எண் ஒன்று, அடித்தவரும் ஒருவர். ஆனால் தகடுகள் எப்படிப் படுத்தன என்பதைப் பொறுத்து இரண்டு வெவ்வேறு சில்வர்கள். அதனால்தான் என் காருக்குச் சாயம் அடித்த பட்டறைக்காரர், சாயக்கார அண்ணன், எந்த சில்வரையும் ஒரே இடத்தில் நின்று பார்க்க மாட்டார். நேரே ஒரு தடவை, கொஞ்சம் விலகி ஒரு தடவை, பிறகு பம்பரை ஒட்டிக் குனிந்து, பக்கம் முழுக்கக் கண்ணை ஓடவிட்டு ஒரு தடவை. நேரே பொருந்துவதும் சாய்வில் பொருந்துவதும் அவருக்குத் தனித்தனிக் கணக்கு.

செதில் என்றதும் ஞாபகம் வருகிறது. மின்னும் சாயத்துக்கு முதலில் உண்மையிலேயே மீன் செதிலைத்தான் பயன்படுத்தினார்கள். 1920களிலும் 30களிலும் பணக்காரர்களின் கார்களுக்குச் செதிலிலிருந்து எடுத்த மினுமினுப்புச் சத்தைச் சாயத்தில் கலந்தார்கள். அது விலை அதிகம், கிடைப்பதும் குறைவு. அலுமினியம் வந்தபிறகுதான் சில்வர் சாதாரணமானவர்களின் காருக்கும் வந்தது.

அலுமினியத் தகடும் எல்லாக் காலத்திலும் ஒன்றாக இருக்கவில்லை. பழைய வகை, ஓரம் பிய்ந்து, வடிவமில்லாமல் இருக்கும். பின்னால் வந்த வகை வட்டமாக, ஓரம் மழுங்கி, மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். பழையது ஒளியைச் சிதறடிப்பதால் மென்மையாகத் தெரியும். புதியது பளிச்சென்று வெட்டும். இன்றைய கலவைக் கடையில் பழைய நிறத்தின் எண்ணைக் கொடுத்து, புதிய வகைத் தகடு நிறைந்த டின்னோடு திரும்பினால், நிறம் சரியாக இருந்தாலும் மினுப்பு வேறாகத்தான் இருக்கும். இதைக் கண்டுபிடிக்கப் பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸ் போதும். பழைய சாயத்தின்மேல் லென்ஸை வைத்துத் தகடுகளின் அளவைப் பாருங்கள், பிறகு புதிய சாயம் அடித்த மாதிரி அட்டையின்மேல் வையுங்கள். தகட்டின் அளவே பொருந்தவில்லை என்றால் நீலம் கூட்டியும் கறுப்புக் குறைத்தும் பயனில்லை. கலவைக்காரரிடம் முதலில் பேச வேண்டியது தகட்டைப் பற்றித்தான், நிறத்தைப் பற்றி அப்புறம்.

இன்னொரு வித்தியாசம் அடுக்கில் இருக்கிறது. அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் சில்வர் ஒரே அடுக்குச் சாயம். மேலே கிளியர் என்கிற நிறமில்லாத பளபளப்புப் பூச்சு கிடையாது. தெரியாத மூலையில் வெள்ளைத் துணியில் பாலிஷ் தொட்டுத் தேய்த்தால் துணி சாம்பலும் கறுப்புமாக மாறும். அது அலுமினியம். அப்படிப்பட்ட காரை பளபளப்புக்காக வருடா வருடம் இயந்திரம் போட்டுத் தேய்க்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும், ஏனென்றால் ஒவ்வொரு தேய்ப்பிலும் மேலே இருக்கும் தகடுகள் போய்க்கொண்டிருக்கின்றன. இரண்டடுக்கு முறையில் பேஸ் என்கிற நிற அடுக்கு காய்ந்தபிறகு 15 மைக்ரான் அளவுக்குத்தான் நிற்கும். அதில் பெரும்பகுதி தின்னராக ஆவியாகிவிடுவதால் படலம் சுருங்கி, சுருங்கும்போது தகடுகளை அழுத்திப் படுக்க வைக்கிறது. ஒரே அடுக்குச் சாயம் அதைவிடக் கனம், தகடுகளுக்குச் சாய்ந்து நிற்க இடமுண்டு. பழைய சில்வரின் அந்தப் பால் போன்ற அமைதி, பெரும்பாலும் இந்த இடத்திலிருந்து வருகிறது என்பது என் கணிப்பு. ஒரே அடுக்கில் இருந்த காரைக் கிளியர் போட்டு முடித்தால் அழகாக இருக்கலாம், பழையது போல இருக்காது. வேலை தொடங்குவதற்கு முன்பே இதை ஒத்துக்கொள்வது நல்லது.

சரி, எண்ணுக்கு வருவோம். டபிள்யூ123இல் போனட்டைத் திறந்தால் ரேடியேட்டருக்கு மேலே ஓடும் குறுக்குத் தகட்டில் சாய எண் இருக்கும். அதைக் கடையில் சொன்னால், ஒரு சூத்திரம் வராது, பல வரும். மூல நிறம் ஒன்று, அதோடு கொஞ்சம் நீலம் தூக்கலாக ஒன்று, மஞ்சள் தூக்கலாக ஒன்று, தகடு பெரியதாக ஒன்று என்று வேரியண்ட் அட்டைகள். தொழிற்சாலையிலேயே சில்வர் ஒரு நாளைக்கு ஒரு மாதிரி வந்ததால்தான் சாய நிறுவனங்கள் இந்த வேரியண்ட்களை எடுத்து வைத்திருக்கின்றன. கிளாசுரிட் போன்றவர்கள் பழைய கார் நிறங்களுக்கென்றே தனித் தொகுப்பு வைத்திருக்கிறார்கள், அது பெரிய உதவி. ஆனால் நம் ஊரில் இன்னொரு சிக்கல் உண்டு. 1960களின் பிற்பகுதியிலிருந்தே வெளிநாட்டுக் கார்களை உதிரிகளாக இறக்கி மலேசியாவில் பூட்டினார்கள். ஷா ஆலமில் வோல்வோ அப்படித்தான் தொடங்கியது. இங்கே பூட்டிய காருக்கு இங்கேயே சாயம் அடித்திருப்பார்கள். அதனால் ஐரோப்பியச் சூத்திரம் அப்படியே உட்காரும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. ஜெலுத்தோங் பட்டறையில் சாயக்கார அண்ணன் அதை நேராகவே கேட்டார்: "தம்பி, புஸ்தகத்தப் பாத்து அடிக்கிறதா, காடியப் பாத்து அடிக்கிறதா? அத மொதல்ல சொல்லு."

டபிள்யூ123இன் பக்கவாட்டில் நீளமாக ஓடும் ரப்பர்ப் பட்டையைக் கழற்றினால், அதன் அடியில் வெயில் படாத சில்வர் இருக்கும். பெட்ரோல் மூடியின் உள்பக்கத்திலும், பின்விளக்கு ரப்பருக்கு அடியிலும் இருக்கும். அங்கே தெரிவதுதான் 1982. அதற்கு இரண்டு அங்குலம் மேலே தெரிவது, அதே சாயம் நாற்பது வருடம் வெயிலிலும் கடற்காற்றிலும் கிடந்தபிறகு ஆனது. என் காரில் இந்த இரண்டும் ஒன்றில்லை. பட்டைக்கு அடியில் இருப்பது தெளிவாக, கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கிறது. மேலே இருப்பதில் இலேசாக மஞ்சள் ஏறியிருக்கிறது, கிளியர் பழுத்ததால் வந்த மஞ்சள். என் கார் இரண்டடுக்கு வகை.

பலரும் தயங்காமல் பட்டைக்கு அடியில் இருப்பதைத்தான் எடுப்பார்கள், அதுதான் அசல் என்று. முழுக் காரையும் இரும்புத் தகடு வரை உரித்து அடிப்பதாக இருந்தால் நானும் அதைத்தான் எடுப்பேன். ஆனால் என் காரில் கதவுகளிலும் போனட்டிலும் டிக்கியிலும் இருப்பது தொழிற்சாலையில் விழுந்த சாயம். கீறல் உண்டு, கல் பட்ட புள்ளிகள் உண்டு, பெரியப்பா கிளினிக் வாசல் தூணில் உரசிய தடமும் உண்டு. அது இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒரு ஃபெண்டருக்காக அதையெல்லாம் உரித்து எறிய எனக்கு மனம் வரவில்லை. காரைப் பார்த்து அடியுங்கள் என்று சொன்னேன். அண்ணன் தலையாட்டினார். "அப்ப காடிய மொதல்ல கழுவி, அழுக்கெடுக்குற களிமண்ணு போட்டுத் தேச்சு பாலிஷ் பண்ணணும், அழுக்கோட கலர் பாக்கக் கூடாது" என்றார். உண்மைதான். பாலிஷ் போட்டபிறகு நான் பழைய நிறம் என்று நினைத்திருந்ததில் ஒரு பங்கு வெறும் அழுக்கு என்று தெரிந்தது.

கலவைக் கடையில் நிறமானி இருந்தது. கையில் பிடித்துக் காரின்மேல் வைக்கும் கருவி. 15, 25, 45, 75, 110 டிகிரி என்று பல கோணங்களில் அளந்து, தன்னிடமுள்ள சூத்திரங்களில் நெருக்கமானதைச் சொல்லும். கோணத்துக்குக் கோணம் மாறும் நிறத்தை ஒரே கோணத்தில் அளந்து பயனில்லை என்பதால்தான் இத்தனை கோணங்கள். கருவியை நம்பலாம், நிறையவே நம்பலாம். ஆனால் அது அளப்பது காரில் இருக்கும் சாயத்தை. நாளைக்கு நம் அண்ணன் அடிக்கப்போகும் சாயம் எப்படிப் படுக்கும் என்று அதற்குத் தெரியாது.

அங்கேதான் அட்டை வருகிறது. அட்டைக்கு ஆகும் நேரத்தைக் கஞ்சத்தனம் செய்கிற பட்டறையில் சில்வர் காரை விடாதீர்கள் என்று உறுதியாகச் சொல்வேன். ஒரு அட்டையிலோ தகட்டிலோ பேஸை அடித்து, மேலே கிளியர் போட்டு, முழுக்கக் காயவிட்டு, காரின்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். ஈரத்தில் பார்ப்பதும் கிளியர் இல்லாமல் பார்ப்பதும் வீண். அதைவிட முக்கியம், காருக்கு அடிக்கப்போகும் அதே ஸ்பிரே துப்பாக்கி, அதே முனை, அதே காற்றழுத்தம், அதே தின்னர் கொண்டு அட்டையையும் அடிக்க வேண்டும். குச்சியால் தடவிப் பார்த்த சில்வரும் துப்பாக்கியில் அடித்த சில்வரும் ஒன்றல்ல.

அண்ணன் அடித்த முதல் அட்டை எனக்குச் சரியாகவே பட்டது. அவர் அதைக் கதவின்மேல் நிமிர்த்திப் பிடித்து, நிழலில் ஒரு முறை, வெயிலில் ஒரு முறை, பிறகு பட்டறைக்குள் டியூப் லைட்டுக்கு அடியில் ஒரு முறை காட்டினார். நிழலில் பொருந்தியது டியூப் லைட்டில் பச்சையாகத் திரும்பியது. வெயிலில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறங்கள் வேறு விளக்கில் பிரிந்துவிடும், அவற்றில் கலந்த நிறப்பொடிகள் வேறு வேறாக இருந்தால். சாய்த்துப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது: பழைய கதவு சாய்வில் வெளுக்கிறது, அட்டை இருள்கிறது. நேர்ப் பார்வையைக் கெடுக்காமல் சாய்வை மட்டும் வெளுக்க வைக்க, தகடுகளைக் கொஞ்சம் கலைத்துவிடும் ஒரு சேர்மானம் உண்டு. அதில் சில சொட்டு. சிலர் வெள்ளைச் சாயத்தைத் தொட்டுச் சேர்ப்பார்கள். அது சாய்வை வெளுக்க வைக்கும், ஆனால் அளவு ஒரு மயிரிழை கூடினாலும் சில்வர் மாவு கரைத்தது போலச் செத்துப்போகும். பச்சையை எடுக்க ஊதாவில் ஒரு துளி. ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதிய அட்டை, ஒவ்வொரு அட்டையின் பின்பக்கத்திலும் என்ன சேர்த்தார், எந்தத் தின்னர், எத்தனை பூச்சு என்று பேனாவில் எழுத்து. அந்த அட்டைகளைத்தான் நான் காரின் பத்திரங்களோடு வைத்திருக்கிறேன். நாளைக்கு வேறு யாராவது இந்தக் காருக்குச் சாயம் அடிக்க வந்தால், சூத்திர எண்ணைவிட அவை உதவும்.

பினாங்கு வானிலையை மறந்துவிட்டு சில்வரைப் பேச முடியாது. ஈரமாக விழுந்த பேஸ் இருளும், வறண்டு விழுந்தது வெளுக்கும். சூடு, வேகமாகக் காயும் தின்னர், அதிகக் காற்றழுத்தம், தூரத்துப் பிடி, எல்லாமே வறட்சிப் பக்கம் தள்ளும். மத்தியானம் 32 டிகிரியில் அடித்த அட்டையை வைத்துக்கொண்டு, மழை பெய்து குளிர்ந்த சாயங்காலம் காரை அடித்தால், அட்டை சொன்னதைக் கார் கேட்காது. இங்கே மெதுவாகக் காயும் தின்னர்தான் சரி. தின்னர் ஆவியாவதாலேயே காயும் பழைய லாக்கர் வகைச் சாயமாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலிருக்கும் ஈரம் அதன்மேல் இறங்கி வெள்ளையாகப் பூத்துவிடும். அண்ணன் காலை பத்து மணிக்கு மேல், மழை மேகம் சேர்வதற்கு முன், அட்டையையும் ஃபெண்டரையும் ஒரே வேளையில் அடிக்கும்படி நாளை ஒதுக்கினார்.

அடிக்கும் விதத்தில் நான் கற்றுக்கொண்டவை நிறைய. டின்னின் அடியில் அலுமினியம் படிந்துவிடும். அடி வரை கிண்டி எழுப்பாமல் ஊற்றினால் முதல் கோப்பை ஒரு நிறம், கடைசிக் கோப்பை ஒரு நிறம். இரண்டு டின் வாங்கினால் இரண்டையும் ஒரே வாளியில் கலந்துவிட வேண்டும். முனை 1.3 மில்லிமீட்டர், காற்று சுமார் 2 பார், கை 15 முதல் 20 சென்டிமீட்டர் தூரத்தில், ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதியையாவது மூட வேண்டும். மூடி முடிந்ததும் கடைசியாக ஒரு தூவல்: கையைத் தூர எடுத்து, அழுத்தத்தைக் குறைத்து, பனி மாதிரி. வரிவரியாகவும் திட்டுத்திட்டாகவும் நிற்கும் தகடுகளை அந்தத் தூவல்தான் சமன் செய்கிறது. பேஸைத் தேய்க்கக் கூடாது, தேய்த்த இடத்தில் தகடு கிழிந்து கறுப்புத் தழும்பு நிற்கும். சில்வருக்குக் கீழே இருக்கும் பிரைமரின் கீறல்களும் அப்படியே மேலே தெரியும் என்பதால் தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளில் 800க்குக் குறையாத எண்ணில் முடிக்க வேண்டும்.

ஃபெண்டரைக் காரில் பூட்டி, நிற்கிற வாக்கிலேயே அடித்தார். இது முக்கியம். கதவையோ ஃபெண்டரையோ கழற்றி மேசைமேல் படுக்கவைத்து அடித்தால் சாயம் படுத்த நிலையில் இறங்கி, தகடுகள் வேறு மாதிரிப் படியும். என் காரின் வலது பின்கதவு பெரியப்பா காலத்தில் எங்கோ ஒரு பட்டறையில் மறுபடி சாயம் அடிக்கப்பட்டு வந்தது. எண் சரிதான், ஆனால் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் தனியாகத் தெரிகிறது. அதைக் கழற்றித்தான் அடித்திருப்பார்கள் என்று அண்ணன் பார்த்தவுடனே சொன்னார்.

இத்தனை செய்தபிறகும் இரண்டு சில்வர்கள் இடுக்கின் இரு பக்கமும் முட்டிக்கொண்டு நின்றால் கண் கண்டுபிடித்துவிடும். அதனால் நல்ல சில்வர் வேலை எப்போதும் பக்கத்துக் கதவுக்குள் போய்த்தான் முடியும். பிளெண்டிங் என்பார்கள். ஃபெண்டர் முழுக்கப் புதிய பேஸ், கதவின் முன்பாகத்தில் கொஞ்சம், நடுவுக்கு வருவதற்குள் ஒன்றுமில்லை என்று கரைந்துபோக வேண்டும். கரையும் ஓரத்தில் வறண்ட தகடுகள் விழுந்து கறுப்பு வளையம் போலத் தெரியும் ஆபத்து உண்டு. அதைத் தவிர்க்க, நிறமில்லாத பேஸை முதலில் கதவில் ஈரமாக அடித்து, அது காய்வதற்குள் சில்வரை அதற்குள் கரைத்தார். பிறகு கதவு முழுக்கக் கிளியர், ஓரத்திலிருந்து ஓரம் வரை. கைப்பிடியையும் பட்டையையும் டேப் ஒட்டி மறைக்காமல் கழற்றியே வைத்தோம். கதவில் இருந்த அசல் சாயம் புதிய கிளியருக்கு அடியில் அப்படியே இருக்கிறது. அதைத் தொலைக்காமல் அதன்மேல் கொஞ்சம் சேர்த்தோம், அவ்வளவுதான்.

கிளியரைப் பற்றி ஒரு வார்த்தை. 2கே கிளியர் என்பது இரண்டு பாகங்களைக் கலந்து அடிப்பது. அதை இறுக வைக்கும் பாகமான ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. மூச்சோடு உள்ளே போனால் ஆஸ்துமாவைக் கொண்டுவரும், ஒரு தடவை உடம்பு அதற்கு எதிராகத் திரும்பிவிட்டால் பிறகு துளியும் தாங்காது. நம் பட்டறைகளில் துணியைக் கட்டிக்கொண்டு அடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அண்ணன் தனிக் காற்றுக் குழாய் வைத்த முகமூடி போட்டுத்தான் அடிக்கிறார், பக்கத்தில் யாரையும் நிற்க விடுவதில்லை. கிளியர் நேரத்தில் என்னையும் வெளியே அனுப்பிவிட்டார். வீட்டுக் கொட்டகையில் தானே அடித்துப் பார்க்க நினைக்கும் நண்பர்கள் பேஸை வேண்டுமானால் நல்ல முகமூடியோடு பழகிப் பாருங்கள், கிளியரைத் தயவுசெய்து முறையான அறையும் காற்றும் உள்ளவரிடம் விடுங்கள்.

இப்போது மிச்சமிருப்பது கூரை. அங்கே கிளியர் வெடித்து, முன்கண்ணாடிக்கு மேலே உரிய ஆரம்பித்துவிட்டது. அதைக் காப்பாற்ற முடியாது, தேய்த்து இறக்கிப் புதிதாகத்தான் அடிக்க வேண்டும். சிக்கல் எங்கே நிறுத்துவது என்பதில். டபிள்யூ123இல் கூரையும் அதைப் பின்னால் தாங்கும் பின்தூணும் பின் ஃபெண்டரும் வெளியே இடுக்கே தெரியாமல் ஒன்றாக ஓடுகின்றன. பின்தூணின் ஒடுங்கிய இடத்தில் கிளியரைத் தின்னர் போட்டுக் கரைத்து முடித்துவிடலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் நம் ஊர் வெயிலில் அந்தக் கரைத்த ஓரம் சில வருடங்களில் எழும்பி உரிவதைப் பல கார்களில் பார்த்திருக்கிறேன். அதனால் சில்வரைத் தூணின் நடுவோடு கரைத்துவிட்டு, கிளியரை மட்டும் பின் ஃபெண்டர் முழுக்கக் கீழ்ப்படி வரை கொண்டுபோவது என்று முடிவு செய்திருக்கிறோம். வேலை கூடும், பின்கண்ணாடியையும் கழற்ற வேண்டும். ரப்பருக்கு அடியில் துரு இருந்தால் அதையும் அப்போதே பார்த்துவிடலாம். பினாங்கில் மழை குறைந்த மாதங்கள் ஜனவரியும் பிப்ரவரியும். பின்கண்ணாடி ரப்பருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அது கைக்கு வந்ததும், தைப்பூசம் கழித்து காரைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் அண்ணன்.